நிலமளக்க வந்த காலின் மெக்கன்சி

சமணம் தனிச் சமயம்; அது பௌத்தத்தின் கிளையன்று என்பதை இன்று பள்ளிச் சிறாரும் பாடநூலில் படித்தறிகின்றனர். இருநூறு ஆண்டுகளுக்குச் சற்று முன்போ ஐரோப்பியர் எழுதிய நூல்களில் இந்தத் தெளிவு இல்லை. அமர்ந்த கோலத்தில் கண்மூடிய திருமேனி எங்குக் கிடைப்பினும் அது புத்தர் உருவமே எனப் பலர் எழுதினர். நம் முன்னோர் தொண்டை நாட்டிலும் கன்னட நாட்டிலும் வழிவழியாக அறவொழுக்கம் காத்து வாழ்ந்திருந்தும், உலக அறிஞரின் ஏட்டில் அவர்களுக்கு ஓர் இடம் இல்லாதிருந்தது. அந்த இடத்தைத் தேடித் தந்தவருள் முன்னணியில் நிற்பவர் சமயவாணர் அல்லர், மொழிப்புலவரும் அல்லர். சங்கிலியும் கோணமானியும் கொண்டு நிலமளக்க வந்த காலின் மெக்கன்சி என்னும் ஸ்காட்லாந்து நாட்டவரே அவர். இந்தியா முழுமைக்கும் முதன்முதலாகச் சர்வேயர் ஜெனரல் பதவி ஏற்றவரும் அவரே.

மெக்கன்சி 1754ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் வடமேற்கே கடல் சூழ்ந்த லூயிஸ் தீவில் ஸ்டோர்னவே என்னும் சிறு துறைமுகத்தில் பிறந்தார். தந்தையார் மர்டாக் மெக்கன்சி ஒரு வணிகர். மகனும் இளமையில் அவ்வூர்ச் சுங்க அலுவலகத்தில் பணியாற்றினார். கணக்கில் அவருக்கிருந்த ஈடுபாடே அவரை நம் நாட்டிற்குக் கொணர்ந்தது எனலாம். மடக்கை என்று நாம் வகுப்பில் கற்பிக்கும் கணக்கு முறையைக் கண்டறிந்த ஜான் நேப்பியரின் வழிவந்த நேப்பியர் பிரபு, தம் முன்னோரின் வரலாற்றை எழுத முனைந்திருந்தார். மடக்கை போன்றதொரு முறை பண்டை இந்தியரிடம் இருந்ததா என்பதை அறிய அவர் விரும்பினார். இதற்கெனக் குறிப்புகள் திரட்டுவதில் இளைஞர் மெக்கன்சி துணைநின்றார். பிரபு தம் நூல் முற்றுப்பெறுமுன்னரே காலமானார். மெக்கன்சியோ கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் பணி பெற்று 1783ஆம் ஆண்டு செப்டம்பரில் சென்னைக் கரையில் இறங்கினார். அப்போது அவருக்கு அகவை இருபத்தொன்பது. அதன்பின் அவர் தம் தீவை மீளவும் காணவேயில்லை.

சென்னைக் கரையில் இறங்கினார் என்று எளிதாக எழுதிவிட்டோம். அந்நாளில் அது எளிதன்று. இங்குத் துறைமுகம் என்று ஒன்றுமில்லை. கப்பல்கள் கரைக்கு அப்பால் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். ஆணியின்றித் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகளில் ஏறி, அலைகளைத் தாண்டியே எவரும் கரை சேர வேண்டும். இராயபுரத்துப் படகோட்டிகள் வழிவழியாக இத்தொழிலில் தேர்ந்தவர்கள். கடலின் இயல்பும் மணல் ஓடும் திசையும் அவர்களுக்கு மனப்பாடம். ஏட்டில் மட்டும் அவை ஏறியதில்லை. அவற்றை ஏட்டில் ஏற்றும் முயற்சி, மெக்கன்சி வந்த சில ஆண்டுகளுக்குள் தொடங்கியது. மைக்கேல் டாப்பிங் என்னும் அளவையாளர் சோழமண்டலக் கரையை முறையாக அளந்தார். கரையோரத்தை அளப்போர் நிலத்தில் கோணமானியால் கோணம் பார்ப்பர். கடலில் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழம் பார்ப்பர். குண்டின் அடிக்குழியில் பூசிய கொழுப்பில் ஒட்டிவரும் மணலையும் சேற்றையும் கண்டு கடலடி இன்னதென்று குறித்துக்கொள்வர். 1794இல் எட்டுச் சிறுவர்களைக் கொண்டு டாப்பிங் சென்னையில் தொடங்கிய நில அளவைப் பள்ளியே பின்னாளில் கிண்டிப் பொறியியற் கல்லூரியாக வளர்ந்தது. அப்பள்ளியில் பயின்ற இளைஞர்கள் மெக்கன்சியின் பெரும்பணியில் தோள் கொடுத்தமையால் இதனை ஈண்டுக் குறித்தோம்.

வடசென்னையில் வாழும் நம்மவர்க்கு இவ்வகைப் பழைய அளவைகளின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1876 தொடங்கிச் சென்னைத் துறைமுகச் சுவர்கள் கடலுக்குள் எழும்பிய பின், தெற்கிலிருந்து வடக்கே ஓடிவரும் மணல் தடைப்பட்டது. தெற்கே மெரினாவில் மணல் பெருகிற்று. வடக்கே இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கடல் ஊருக்குள் புகுந்து தெருக்களை விழுங்கிற்று. முன்பு கரை எங்கிருந்தது என்பதற்குப் பழைய படங்களே சான்று. இன்னொன்றும் சொல்லலாம். 1996இல் ஒப்புதல் பெற்ற கரையோர வரைபடத்தில் இருந்த எண்ணூர்க் கழிமுகம், பின்னர்ப் புழங்கிய வேறொரு வரைபடத்தில் இல்லை என்ற செய்தி 2017இல் வெளிப்பட்டுப் பெரும் விவாதமாயிற்று. கழிமுகம் கண்முன்னே கிடக்கிறது. மீனவர் வலை வீசுகின்றனர். படத்தில் மட்டும் இல்லை. படத்தில் இல்லாததை அரசு இல்லாததாகவே கொள்ளும். நிலத்துக்கு மட்டுமன்று, மக்களுக்கும் சமயத்துக்கும் இது பொருந்தும். மெக்கன்சியின் வாழ்வை நம் இதழில் எழுதத் துணிந்ததற்கு இதுவே காரணம்.

சென்னை வந்த சில காலத்தில் அவர் மதுரை சென்றார். நேப்பியர் பிரபுவின் மகளாரும் அவர் கணவர் சாமுவேல் ஜான்ஸ்டனும் அப்போது அங்கிருந்தனர். அவர்கள் இல்லத்தில் மெக்கன்சி மதுரைப் பண்டிதர் சிலரைச் சந்தித்து, இந்நாட்டாரின் கணக்கையும் வானநூலையும் பற்றிக் கேட்டறிந்தார். இந்நாட்டில் அறிய வேண்டுவன மிகப்பல என்ற எண்ணம் அங்குதான் வேரூன்றியது என்பர். ஆனால் எண்ணம் செயலாக நெடுங்காலம் சென்றது. பொறியியற் படைப்பிரிவில் அலுவலராகப் போரிலிருந்து போருக்கு அவர் அலைந்தார். 1790 முதல் 1792 வரை நடந்த மூன்றாம் மைசூர்ப் போர், 1793இல் புதுச்சேரி முற்றுகை, 1796இல் கொழும்பு, 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த சீரங்கப்பட்டண முற்றுகை ஆகிய அனைத்திலும் அவர் இருந்தார். கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட நாம் இதனை மறைத்துவிட்டு அவருக்கு மாலை சூட்டுதல் தகாது. அவர் வரைந்த படங்கள் படை நடத்தவும் வரி தண்டவும் கம்பெனிக்குப் பயன்பட்டன என்பதும் மெய். இவ்விரண்டையும் மனத்திற்கொண்டே அவர் செய்த நன்மையை எடைபோட வேண்டும்.

1796இல், இலங்கையிலிருந்து திரும்பிய பின், அவர் வாழ்வில் ஒரு திருப்பம் நேர்ந்தது. ஏலூரைச் சேர்ந்த காவலி வேங்கட போரையா என்னும் தெலுங்கு அந்தண இளைஞர் அவரிடம் பணிக்கு அமர்ந்தார். மெக்கன்சிக்கு இந்திய மொழி எதிலும் புலமை இல்லை. அதனை அவர் மறைத்ததுமில்லை. பல மொழி அறிந்தவரும், எவ்வூர் சென்றாலும் மக்களோடு இன்முகமாகப் பழகுபவருமாகிய போரையாவே அவருக்குக் கண்ணும் காதும் ஆனார். கற்றோர் வீட்டுக் கதவுகள் அவருக்காகத் திறந்தன. இந்நாட்டு அறிவின் வாயிலில் தாம் நுழைந்தது இவ்விளைஞராலேயே என்று மெக்கன்சி நன்றியோடு நினைவுகூர்ந்துள்ளார். போரையா 1803இல் இளம் வயதிலேயே மறைந்தார். அவர் தம்பி இலட்சுமையா அப்பணியை ஏற்றார். மற்றொரு தம்பி இராமசாமி பின்னாளில் தக்காணப் புலவர் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி 1829இல் வெளியிட்டார்.

சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் மைசூர் நாட்டை அளக்கும் பொறுப்பு மெக்கன்சியிடம் ஒப்படைக்கப்பட்டது. 40,000 சதுர மைலுக்கு மேற்பட்ட அந்நிலத்தை அளந்து முடிக்க ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆயின. காடும் மலையும் காய்ச்சலும் நிறைந்த நாடு அது. பணி தொடங்கிய சில காலத்திலேயே செலவு மிகுதி என்று இலண்டன் இயக்குநர்கள் ஆட்களைக் குறைத்தனர். அவர் மனம் நொந்தாரே தவிர, பணியை விடவில்லை.

அளக்கும் முறையை இளைய வாசகர்க்காகச் சற்று விரிப்போம். நாடு முழுவதும் சங்கிலியிட்டு அளப்பது இயலாது. சமதரையில் ஒரு கோட்டை மட்டும் மிகத் துல்லியமாக அளப்பர், அது அடிக்கோடு. அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள ஒரு மலையுச்சியைக் கோணமானியால் நோக்கிக் கோணங்களைக் குறிப்பர். ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் முக்கோணத்தின் மற்றப் பக்கங்களைக் கணக்கால் அறியலாம். அப்பக்கங்களையே புதிய அடிக்கோடுகளாகக் கொண்டு அடுத்த முக்கோணம், அதிலிருந்து அடுத்தது என்று வலை பின்னுவதுபோல் நாடு முழுவதையும் பின்னிவிடலாம். நாம் திருவொற்றியூர்ப் பக்கத்தில் ஆசிரியப் பணி செய்த நாளில், பள்ளித் திடலில் கயிறும் பாகைமானியும் கொண்டு எட்டாத வேப்பமரத்தின் தொலைவை மாணவர் தாமே கண்டறியச் செய்ததுண்டு. விடை சரியாக வரும்போது அவர்கள் முகத்தில் தோன்றும் வியப்பே வியப்பு. மெக்கன்சியின் சமகாலத்தவரான வில்லியம் லாம்டன் 1802இல் பரங்கிமலை அருகே அளந்த ஏழரை மைல் நீள அடிக்கோடு உலகப் புகழ் பெற்றது. நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியைப் பெட்டிகளில் கிடத்தி, வெயிலில் நீளாதவாறு காத்து, ஐம்பது நாளுக்கு மேல் அதனை அளந்தனர். அங்குத் தொடங்கிய முக்கோண வலையே பின்னர் இமயம் வரை சென்றது.

உலகின் அளவைச் சிந்திப்பது நம் மரபுக்குப் புதிதன்று என்பதையும் இடையே சொல்லிவிடுவோம். காஞ்சிப் பல்லவ மன்னன் சிம்மவர்மன் காலத்தில், கி.பி. 458இல், திருப்பாதிரிப்புலியூரில் இருந்த சர்வநந்தி முனிவர் பிராகிருதத்தில் இயற்றிய லோகவிபாகம் உலகின் பகுப்பையும் தீவு கடல்களின் அளவையும் கூறும் நூல். அதன் வடமொழியாக்கம் இன்றும் உள்ளது. அது ஆகம வழி அளவை. லாம்டனது சங்கிலி வழி அளவை. இரண்டையும் ஒன்றெனக் குழப்ப வேண்டுவதில்லை. அளவில் நாட்டம் கொண்ட மரபு நம்முடையது என்பதே நம் கருத்து.

மைசூர் அளவையில் நிலத்தின் மேற்பரப்பு மட்டுமின்றி, அதன் அடியிலுள்ளனவும் ஆராயப்பட்டன. டாக்டர் பெஞ்சமின் ஹெய்ன் என்பார் செடிகொடிகளையும் கனிமங்களையும் ஆராய அமர்த்தப்பட்டார். எல்லைப் பகுதியை அளந்த ஜான் வாரன் என்னும் இளம் அலுவலர் 1802இல் கோலார்ப் பக்கம் சென்றபோது, அங்கு மண்ணில் பொன் கிடைக்கும் என்ற பேச்சைக் கேட்டார். பொன்னைக் காட்டுவார்க்குப் பரிசு என்று அறிவித்தார். ஊர் மக்கள் வண்டியில் மண்ணைக் கொணர்ந்து, அவர் கண்ணெதிரே நீரில் அலசிப் பொற்றுகளைப் பிரித்துக் காட்டினர். அது வாரன் கண்டுபிடித்த பொன் அன்று. அம்மக்கள் தலைமுறைகளாக அறிந்த பொன். அவர் அதனை ஏட்டில் ஏற்றினார். ஏட்டில் ஏறியமையால் எண்பதாண்டுகளுக்குப் பின் அங்குப் பெருஞ்சுரங்கங்கள் எழுந்தன. வடாற்காட்டுத் தமிழ்க் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் அங்குக் குடிபெயர்ந்து பாதாளத்தில் உழைத்தன. 2001இல் கோலார்த் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது.

நம் கருத்துக்கு மிக உரியதாகிய பகுதிக்கு இனி வருவோம். ஊர்தோறும் அளக்கச் செல்பவர் அவ்வூரின் பெயரையும் எல்லையையும் கேட்டே ஆக வேண்டும். மெக்கன்சி அதோடு நிற்கவில்லை. இவ்வூரை அமைத்தவர் யார், கோயில் எவருடையது, கல்வெட்டு என்ன சொல்கிறது, ஊர்க்கணக்கர் வீட்டில் பழைய ஏடு உண்டா என்றெல்லாம் கேட்பித்தார். உதவியாளர்களுக்கு வினாப்பட்டியல்கள் எழுதித் தந்து அனுப்பினார். அவர்கள் ஊர் ஊராகச் சென்று கைபீதுகள் எனப்படும் ஊர் வரலாறுகளை எழுதி வாங்கினர், கல்வெட்டுகளைப் படியெடுத்தனர், நாள்தோறும் யாரைக் கண்டோம், என்ன கேட்டோம் என்று குறிப்பெழுதி அனுப்பினர். எல்லா ஊரிலும் வரவேற்பு இருக்கவில்லை. கம்பெனி ஆள் ஏட்டைக் கேட்கிறான் என்றால் மானியத்தைப் பறிக்கவோ வரியை உயர்த்தவோதான் என்று அஞ்சிப் பலர் ஏட்டை ஒளித்தனர். அந்த அச்சம் நியாயமானதே. பொறுமையாக மீண்டும் மீண்டும் சென்று அதனைப் போக்கியவர்கள் இலட்சுமையா போன்ற உதவியாளர்களே.

இவ்வாறு கேட்டுவந்தபோதுதான் சமணரை மெக்கன்சி கண்டார். வீதியில் வருவோர் பலரும் ஒன்றெனத் தோன்றினும், இவர்கள் வழிபடும் தெய்வமும் ஒழுகும் நெறியும் வேறு என்பதை அவர் உணர்ந்தார். முட்கெரி என்று அவர் குறிக்கும் ஊரில் சமண குரு ஒருவர் வாய்மொழியாகக் கூறியதைப் போரையா மொழிபெயர்த்தார். தீர்த்தங்கரர்களின் வரிசை, காலப் பகுப்பு, இல்லறத்தார் ஒழுக்கம், துறவறத்தார் ஒழுக்கம் ஆகியவை அதில் இடம்பெற்றன. சமண குரு சொல்ல, அந்தணர் மொழிபெயர்க்க, கிறித்தவர் வெளியிட்ட அவ்வுரை, கல்கத்தாவில் 1807இல் வெளிவந்த ஆசியாட்டிக் ரிசர்ச்சஸ் ஒன்பதாம் தொகுதியில் அச்சேறிற்று. மெக்கன்சியின் பயணக் குறிப்புகளும், மைசூர் நாட்டில் பயணம் செய்த புக்கானனின் குறிப்புகளும், வடமொழி அறிஞர் கோல்புரூக்கின் ஆய்வுரையும் அதே தொகுதியில் உடன் வந்தன. சமணம் பற்றிய ஆராய்ச்சி ஆங்கிலத்தில் முறையாகத் தொடங்கியது அத்தொகுதியோடுதான் எனலாம்.

இப்பணியில் மெக்கன்சிக்கு வலக்கையாக வாய்த்தவர் மலையூரைச் சேர்ந்த தருமையா என்னும் சமணப் பண்டிதர். மலையூர் என்பது சாமராச நகரப் பகுதியில் கனககிரி என்று நம்மவர் போற்றும் திருத்தலம். பிறர் படிக்கத் திணறிய பழங்கன்னடக் கல்வெட்டுகளைத் தருமையா படித்துப் பொருள் கூறினார். சமண நூல்களில் எது எக்காலத்தது, எம்மொழியினது என்று எடுத்துக்காட்டினார். மெக்கன்சி 1817இல், மதுரையில் தம்மை வரவேற்ற ஜான்ஸ்டனின் மகனும் அந்நாளில் இலங்கையின் தலைமை நீதிபதியுமான சர் அலெக்சாந்தர் ஜான்ஸ்டனுக்கு ஒரு நீண்ட மடல் எழுதினார். தம் முப்பதாண்டு உழைப்பின் பயன்களை அதில் வரிசைப்படுத்தும்போது, சமண சமயத்தையும் தத்துவத்தையும் கண்டறிந்து அவை பௌத்தத்தினின்றும் வேறுபட்டவை என நிலைநாட்டியதை முதலாவதாக வைத்தார். நாற்பதாயிரம் சதுர மைல் அளந்தவர் அந்த அளவையை முதலில் வைக்கவில்லை என்பது நம் நெஞ்சைத் தொடுகிறது.

கண்டறிந்தார் என்ற சொல்லில் நமக்கு ஒரு சிறு மனக்குறை உண்டு. தருமையா தம்மைத் தாம் அறியாமலா இருந்தார்? கோலார் மக்களின் பொன்னைப் போன்றதே இதுவும். மேலும், அச்சேறியவுடன் உலகம் ஒப்புக்கொண்டதுமில்லை. சமணம் பௌத்தத்திலிருந்து பிரிந்தது என்று அதன்பின்னும் ஐரோப்பாவில் பேரறிஞர் சிலர் வாதிட்டனர். செருமானிய அறிஞர் ஹெர்மன் யாக்கோபி 1879இல் கல்பசூத்திரப் பதிப்பின் முன்னுரையில் மூல நூல்களைக் கொண்டு மறுத்த பின்னரே அக்கூற்று அடங்கிற்று. இடையில் எழுபதாண்டுகள் கழிந்தன. எனினும் வழக்கின் முதற்சான்று, மைசூர் நிலவளவைக் கூடாரத்திலிருந்து வந்ததே.

1810இல் மெக்கன்சி சென்னை மாகாணத்தின் சர்வேயர் ஜெனரல் ஆனார். அடுத்த ஆண்டு சாவகத் தீவின்மேல் ஆங்கிலேயர் படையெடுத்தபோது அங்குச் சென்று ஈராண்டு தங்கினார். அங்கேயே பெட்ரோனெல்லா பார்ட்டெல்ஸ் என்னும் டச்சுப் பெண்மணியை மணந்தார். அதுவரை வங்கம், சென்னை, பம்பாய் என மூன்று மாகாணங்களுக்கும் தனித்தனியாக இருந்த பதவிகளை 1815இல் ஒன்றாக்கி, இந்தியா முழுமைக்கும் ஒரே சர்வேயர் ஜெனரலாக அவரை அமர்த்தினர். ஆயினும் சென்னைப் பணிகளை முடித்து அவர் கல்கத்தா செல்ல 1817 ஆயிற்று.

அவ்விடைக் காலத்தில், 1816இல், தாமஸ் ஹிக்கி என்னும் ஓவியர் சென்னையில் அவரைத் தீட்டினார். அந்த ஓவியம் இன்று இலண்டன் பிரித்தானிய நூலகத்திற்குரியது. நடுவே செந்நிறப் படையுடையில் மெக்கன்சி நிற்கிறார். அவரைச் சூழ மூன்று இந்தியர். தொலைநோக்கியைத் தாங்கியிருப்பவர் கிருஷ்ணாஜி என்னும் ஏவலர். ஓலைச்சுவடியை ஏந்தியிருப்பவர் நம் தருமையா. மற்றவர் இலட்சுமையா என்பர். பின்புலத்தில் ஒரு குன்றின்மேல் அளவைக்காக நட்ட கூடை கட்டிய கம்பம் தெரிகிறது. மற்றொரு பால் கோமடேசுவரர் திருமேனி. கார்க்களத்தில் 1432இல் நிறுவப்பெற்ற, நாற்பதடிக்கு மேல் உயர்ந்த பாகுபலி பெருமானே அது எனக் கூறுவர். பிரபுக்களும் படைத்தலைவர்களும் தங்கள் படங்களில் பீரங்கியையும் கோட்டையையும் பின்னே வைத்துக்கொண்ட காலம் அது. இவர் பாகுபலியை வைத்துக்கொண்டார். நம் இல்லங்களில் இப்படம் இருக்கத்தக்கது என்பது நம் எண்ணம்.

மெக்கன்சி திரட்டிய தமிழ் வரலாறுகளுள் வடசென்னையைச் சார்ந்தது ஒன்றுண்டு. திருவொற்றியூருக்கு மேற்கே சில கல் தொலைவில் உள்ள புழலைப் பற்றியது அது. இன்று புழல் என்றால் ஏரியும் குடிநீரும் சிறைச்சாலையும் பலர் நினைவுக்கு வரும். அவ்வரலாறு கூறுவது வேறு. தொண்டை மண்டலம் முழுவதும் குறும்பர் ஆட்சியில் இருந்ததாம். இருபத்துநான்கு கோட்டைகளுள் புழற்கோட்டையே தலைமையானதாம். சமண முனிவர் ஒருவர் அங்கு வந்து அறமுரைக்க, குறும்பர் தலைவன் அவ்வறத்தை ஏற்று அங்கு ஒரு பஸ்தி எழுப்பினானாம். பின்னர் ஆதொண்டைச் சோழன் படையெடுத்து வந்து முதலில் தோற்று, பிறகு வென்று, கோட்டையின் வெண்கலக் கதவுகளைத் தஞ்சைக்குக் கொண்டுபோனான் என்றும், சமணப் பள்ளிகள் பல அழிந்தன, புழற்பஸ்தி மட்டும் எஞ்சியது என்றும் அது முடிகிறது. திருமுல்லைவாயில் தலபுராணத்தில் இக்கதையின் சைவப் பக்கத்தைக் காணலாம்.

இதனை அப்படியே வரலாறு எனக் கொள்ளுமாறு நாம் கூறவில்லை. ஆண்டும் கல்வெட்டும் இல்லாத செவிவழிச் செய்தி இது. சோழர் மெய்க்கீர்த்திகளோடு இதனை ஒட்டவைக்க முயன்றவர்கள் இடர்ப்பட்டனர். ஆனால், புழலில் ஆதிநாதர் ஆலயம் இன்றும் வழிபாட்டில் உள்ளது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் அவ்வூரார் தங்கள் கோயிலைப் பற்றி என்ன நம்பினர், என்ன பேசினர் என்பதற்கு இவ்வேடு சான்று. அது எழுதப்படாதிருந்தால், மணலியிலும் மாதவரத்திலும் ஆலைகள் எழுந்து பழைய குடிகள் கலைந்த இக்காலத்தில் எவரிடம் போய்க் கேட்பது?

கல்கத்தாவில் மெக்கன்சியின் உடல்நலம் குன்றியது. திரட்டியவற்றையெல்லாம் வகைப்படுத்தி நூலாக்க வேண்டும் என்ற அவர் விருப்பம் நிறைவேறவில்லை. 1821ஆம் ஆண்டு மே 8ஆம் நாள், காற்று மாற்றத்திற்காக ஹூக்ளி ஆற்றில் படகில் செல்கையில் உயிர் நீத்தார். கல்கத்தா தெற்குப் பார்க் தெருக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் விட்டுச் சென்ற தொகுதியை அம்மையாரிடமிருந்து அரசு விலைக்கு வாங்கியது. ஹோரஸ் ஹேமன் வில்சன் 1828இல் வெளியிட்ட பட்டியலின்படி அதில் இலக்கியச் சுவடிகள் 1,568, ஊர் வரலாறுகள் 2,070, கல்வெட்டுப் படிகள் 8,076, மொழிபெயர்ப்புகள் 2,159, ஓவியங்கள் 2,630, நாணயங்கள் 6,218. பெரும்பாலும் தம் கைப்பொருளையும் ஓய்வு நேரத்தையும் செலவிட்டுச் சேர்த்தவை இவை.

இவற்றுள் ஒரு பகுதி இலண்டனுக்கும் ஒரு பகுதி சென்னைக்கும் பிரிந்து சென்றது. சென்னைக்கு வந்த தாள்களில் பல செல்லரித்தும் மை மங்கியும் கிடந்தன. 1830களில் இலட்சுமையா, தாமும் தம்மொத்தாரும் இப்பணியைத் தொடர்ந்து செய்ய அரசு உதவ வேண்டும் என விண்ணப்பித்தார். கருத்துக் கேட்கப்பட்ட கல்கத்தா ஆசியக் கழகத்தார், ஓர் இந்தியர் தலைமையேற்று நடத்தத்தக்க பணியன்று இது என்று மறுத்துவிட்டனர். கைபீதுகளைத் திரட்டிய கைகளையே தகுதியற்றவை என்றது நமக்கு இன்றும் உறுத்துகிறது. பணி வில்லியம் டெய்லர் என்னும் பாதிரியாரிடம் சென்றது. அவரும் தம்மால் இயன்றவரை நலிந்த ஏடுகளைப் புதிய தாளில் படியெடுப்பித்து, அவற்றின் சுருக்கங்களை ஆங்கிலத்தில் அச்சிட்டார். புழல் வரலாறு அறிஞரிடையே பரவியது அவர் வழியாகத்தான். குஸ்தாவ் ஆப்பர்ட் 1893இல் வெளியிட்ட தம் நூலில் அதனை விரிவாக எடுத்தாண்டார்.

இலண்டன் சென்ற தென்மொழிச் சுவடிகளில் பலவும் சி. பி. பிரவுனின் முயற்சியால் பின்னர்ச் சென்னைக்குத் திரும்பின. அவற்றுள் பல இன்று சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் உள்ளன. தமிழ், தெலுங்கு, கன்னடக் கைபீதுகளில் ஒரு பகுதி அச்சாகியுள்ளது; எஞ்சியவை தாளாகவே உள்ளன. நம் ஊர்களின் பெயர்களைத் தேடி அப்பட்டியலைப் புரட்டுவதற்கு ஆராய்ச்சிப் பட்டம் தேவையில்லை. பழைய கையெழுத்தைப் படிக்கும் பொறுமை இருந்தால் போதும். கோடை விடுமுறையில் பேரப்பிள்ளைகளை உடனழைத்துச் செல்வோர்க்கு, எழுத்தைக் கூட்டிப் படிக்க இளங்கண்களின் துணையும் கிடைக்கும்.